புகார் மனுவும் அதன் பின்னால் நின்ற சங்கமும்: ஏ. பிலிப் ராண்டால்ஃபின் வாழ்க்கை

சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகப் புகார் எழுத எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மனு கொடுத்தால் ஏதேனும் நடக்குமா? காவல் நிலையத்தில் மனு ஏற்பு ரசீது கிடைப்பதற்கே மூன்று முறை நடந்தவர்களும், ஆணையத்துக்கு அனுப்பிய பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையை இரண்டு ஆண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருப்பவர்களும், கல்லூரிக் குறைதீர் குழுவில் புகார் சொன்னதற்காகத் துறைத் தலைவரின் பகையைச் சம்பாதித்துக்கொண்ட மாணவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, வழக்கறிஞர்களாகிய நாங்கள் சட்டப் பிரிவுகளை மட்டும் பதிலாகச் சொல்ல முடிவதில்லை. அப்போதெல்லாம் எங்கள் நினைவுக்கு வரும் வாழ்க்கை ஒன்று உண்டு. அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளர் தலைவர் ஆசா பிலிப் ராண்டால்ஃபின் வாழ்க்கை அது. பாகுபாட்டுப் புகார்களைப் பெற்று விசாரிப்பதற்கென்றே ஓர் அமைப்பை உருவாக்கும்படி அமெரிக்க அரசை முதன்முதலில் பணியவைத்தவர் அவர். அந்த அமைப்பு எவ்வளவு பலவீனமானது என்பதையும் அவரே முதலில் அனுபவித்தார்.

ராண்டால்ஃப் 1889 ஏப்ரல் 15 அன்று புளோரிடா மாநிலத்தின் கிரசென்ட் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தையற்காரர், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் திருச்சபையின் போதகரும்கூட. தாய் எலிசபெத்தும் தையல் அறிந்தவர். 1891இல் குடும்பம் ஜாக்சன்வில் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. வறுமை இருந்தது, ஆனால் பணிந்து போகும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. சிறையிலிருந்த ஒரு கறுப்பின மனிதரைக் கும்பல் ஒன்று இழுத்துச் சென்று கொல்லக்கூடும் என்ற செய்தி வந்த இரவில், தந்தை மற்ற ஆண்களோடு சேர்ந்து சிறைவாசலில் காவலிருக்கச் சென்றார். தாய் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுவாசலில் விழித்திருந்தார். அந்த மனிதர் உயிர் தப்பினார். நகரத்தின் டிராம் வண்டிகளில் நிறப் பிரிவினை வந்தபோது, அவற்றில் ஏறுவதைவிட நடந்து செல்வதே மேல் என்று பிள்ளைகளுக்குத் தந்தை கற்பித்தார். தனிக் குவளை வைத்திருக்கும் தேநீர்க் கடையில் தாகம் தணிக்க மறுத்து வீடு திரும்பிய நம் தாத்தாக்களை அறிந்தவர்களுக்கு அந்தத் தந்தையை விளங்கிக்கொள்வது கடினமன்று.

குக்மன் பள்ளியில் 1907ஆம் ஆண்டில் முதல் மாணவராகத் தேறியும், தெற்கு மாநிலத்தில் அவருக்குக் கிடைத்தவை கூலி வேலைகளே. 1911இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்தார். பகலில் கிடைத்த வேலையைச் செய்து, மாலையில் நகரக் கல்லூரியில் பயின்றார். நாடக மேடையின் மீது ஆசை இருந்தது. சோஷலிச நூல்கள் அவரை வேறு மேடைக்கு அழைத்துச் சென்றன. 1914இல் லூசில் கிரீனை மணந்தார். ஆசிரியையாக இருந்து அழகு நிலையம் தொடங்கியவர் லூசில். ராண்டால்ஃபின் பொதுவாழ்வை நெடுங்காலம் தாங்கியது அவருடைய உழைப்பின் வருமானமே. இயக்க வரலாறுகளில் தலைவர்களின் பெயர் பெரிய எழுத்திலும், அடுப்பை அணையாமல் காத்த பெண்களின் பெயர் அடிக்குறிப்பிலும் வருவது எங்கும் உள்ள குறை. அதைக் கூடியவரை நாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

1917இல் நண்பர் சாண்ட்லர் ஓவனுடன் சேர்ந்து மெசஞ்சர் என்னும் இதழைத் தொடங்கினார். முதல் உலகப் போரையும் கறுப்பினத்தவர் மீதான வன்முறையையும் அது ஒருங்கே எதிர்த்தது. 1918இல் கிளீவ்லாந்து நகரில் போர் எதிர்ப்புப் பேச்சுக்காக இருவரும் கைது செய்யப்பட்டனர். இத்தகைய எழுத்தைக் கறுப்பின இளைஞர்கள் தாமாகவே எழுதியிருக்க முடியும் என்று நீதிபதி நம்பவில்லை. யாரோ வெள்ளையர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என எண்ணி விடுவித்தார். அந்த விடுதலைக்குள்ளேயே ஓர் இழிவு இருந்தது. நம் மாணவர்களின் ஆய்வேட்டைப் பார்த்து, இதை உனக்கு யார் எழுதிக் கொடுத்தார் என்று கேட்கும் பேராசிரியர்களின் குரல் அந்த நீதிபதியின் குரலிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

அவருடைய வாழ்க்கையைத் திசைதிருப்பியவர்கள் ரயில் போர்ட்டர்கள். புல்மன் நிறுவனம் அமெரிக்கா முழுவதும் படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகளை இயக்கியது. படுக்கை விரிப்பது, காலணி துடைப்பது, இரவெல்லாம் அழைப்பு மணிக்கு ஓடுவது ஆகிய வேலைகளுக்குக் கறுப்பின ஆண்களையே அது அமர்த்தியது. 1920களின் நடுவில் அவர்களுடைய அடிப்படைச் சம்பளம் மாதத்துக்கு 67.50 டாலர். அதற்கு ஏறத்தாழ 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் உழைக்க வேண்டும். காலணிக்குப் பூசும் மையைக்கூடச் சொந்தச் செலவில் வாங்க வேண்டும். பயணிகள் அவர்களை அவரவர் பெயரால் அழைப்பதில்லை. நிறுவன முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரைக் கொண்டு, அடிமையை ஆண்டானின் பெயரால் அழைப்பதுபோல், எல்லோரையும் ஜார்ஜ் என்றே அழைத்தார்கள்.

புகார் சொல்வதற்கு அங்கே வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 1920ஆம் ஆண்டிலேயே நிறுவனம் ஊழியர் பிரதிநிதித்துவத் திட்டம் ஒன்றை அமைத்திருந்தது. குறைகளை அதன் குழுவிடம் முறையிடலாம். ஆனால் குழுவை அமைத்ததும் நிறுவனம், அதன் செலவை ஏற்றதும் நிறுவனம், இறுதி முடிவைத் தன் கையில் வைத்திருந்ததும் நிறுவனம். அந்தத் திட்டத்துக்குள் இருந்து சலிப்புற்ற போர்ட்டர்களில் ஒருவரான ஆஷ்லி டாட்டன், வெளியிலிருந்து ஒரு தலைவரைத் தேடினார். ராண்டால்ஃப் ரயிலில் வேலை செய்தவர் இல்லை. அதுவே அவருடைய தகுதியாயிற்று. நிறுவனத்தால் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. புகார்தாரரின் சோறு யார் கையில் இருக்கிறதோ அவரிடமே புகாரைக் கொடுக்கச் சொல்லும் ஏற்பாடு, நம் கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் இன்றும் தொடர்கிறது. அந்தப் பிடிக்கு வெளியே நிற்கும் ஒருவர் தேவை என்பதைப் போர்ட்டர்கள் 1925இலேயே கண்டுகொண்டார்கள்.

1925 ஆகஸ்ட் 25 அன்று ஹார்லெமில் படுக்கைப் பெட்டிப் போர்ட்டர்கள் சகோதரத்துவச் சங்கம் பிறந்தது. நிறுவனம் உளவாளிகளை ஏவியது; சங்கத்தில் சேர்ந்தவர்களை வேலையைவிட்டு நீக்கியது; அவர்கள் இடத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர்களை அமர்த்தி, ஓர் ஏழையை இன்னோர் ஏழைக்கு எதிராக நிறுத்தியது. சங்கம் சட்ட வழிகளையும் நாடியது. சம்பளத்துக்குப் பதிலாக அன்பளிப்புக் காசை நம்பி வாழச் செய்யும் முறைக்கு எதிராக, மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையத்திடம் மனுச் செய்தது. தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று ஆணையம் 1928இல் கைவிரித்தது. அதே ஆண்டு வேலைநிறுத்தத்துக்கு நாள் குறிக்கப்பட்டது. அவசர நிலை ஏதும் இல்லையென மத்தியஸ்த வாரியம் தலையிட மறுத்ததால் அது கைவிடப்பட்டது. உறுப்பினர்கள் விலகினார்கள். ராண்டால்ஃப் கிழிந்த கோட்டோடு நடந்த ஆண்டுகள் அவை.

1934இல் ரயில்வே தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, போர்ட்டர்களும் அதன் பாதுகாப்புக்குள் வந்தனர். 1935இல் நடந்த தேர்தலில் நிறுவனத்தின் கைப்பாவைச் சங்கத்தை ராண்டால்ஃபின் சங்கம் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தது. 1937 ஆகஸ்ட் 25 அன்று, சங்கம் தொடங்கிய சரியாக 12 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாத வேலை நேரம் 240 மணியாகக் குறைந்தது. பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்றிடமிருந்து கறுப்பினத் தொழிலாளர் சங்கம் பெற்ற முதல் ஒப்பந்தம் அது. அடுத்த ஆண்டு, 1938 பிப்ரவரியில், மன்மாட் நகரில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் உரையாற்றினார். நிலைய அதிகாரியின் வீட்டு வேலையையும் போர்ட்டரே செய்ய வேண்டியிருப்பதால், தீண்டத்தகாதவரைப் போர்ட்டராக நியமிக்கவே மறுக்கிறார்கள் என்பதை அவர் அங்கே சுட்டிக்காட்டினார். ஒரு நாட்டில் அந்த வேலை கறுப்பினத்தவருக்கென்றே ஒதுக்கப்பட்டது. மற்றொரு நாட்டில் அதே பெயருள்ள வேலைகூட தலித்துக்கு மறுக்கப்பட்டது. ஒதுக்குவதும் விலக்குவதும் ஒரே நோயின் இரு வடிவங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது அமெரிக்காவின் ஆயுதத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றின் வாயில்கள் கறுப்பினத்தவருக்கு மூடியே இருந்தன. 1940 செப்டம்பரில் ராண்டால்ஃபும் வேறு இரு தலைவர்களும் அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்து, படைகளில் நிலவும் பிரிவினையைப் பற்றி முறையிட்டனர். சில நாட்களில் வெளியான அரசு அறிவிப்பு பிரிவினையை உறுதி செய்ததோடு, அத்தலைவர்களும் அதற்கு உடன்பட்டதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கியது. பணிவோடு மனுக் கொடுத்தால் நம் மனுவே நமக்கு எதிரான ஆவணமாக்கப்படும் என்ற பாடத்தை ராண்டால்ஃப் அன்று கற்றார்.

1941 ஜனவரியில் அவர் ஓர் அறைகூவல் விடுத்தார். 10,000 கறுப்பினத்தவர் தலைநகர் வாஷிங்டனை நோக்கி அணிவகுக்க வேண்டும் என்றார். மாதங்கள் செல்லச் செல்ல அந்த எண்ணிக்கை 1,00,000 என்று உயர்ந்தது. ஜூலை 1 என்று நாள் குறிக்கப்பட்டது. போர்ட்டர்கள் ரயில் செல்லும் ஊரெல்லாம் செய்தியைக் கொண்டுசென்றார்கள். ஜூன் 18 அன்று ரூஸ்வெல்ட் அவரை அழைத்து அணிவகுப்பைக் கைவிடக் கேட்டார். எழுத்து வடிவில் ஆணை வராமல் கைவிட முடியாது என்றார் ராண்டால்ஃப். ஆணையின் வரைவைப் படித்துப் பார்த்து, தனியார் தொழிற்சாலைகளோடு அரசுத் துறைகளையும் அது கட்டுப்படுத்த வேண்டும் என்று திருத்தம் கோரினார். ஜூன் 25 அன்று 8802ஆம் எண் நிர்வாக ஆணை வெளியாயிற்று. பாதுகாப்புத் தொழில்களிலும் அரசுப் பணியிலும் இனம், மதம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதை அது தடை செய்தது. புகார்களைப் பெற்று விசாரிக்க நியாய வேலைவாய்ப்புக் குழு ஒன்றை ஏற்படுத்தியது.

அணிவகுப்பு நிறுத்தப்பட்டது. பேயார்ட் ரஸ்டின் போன்ற இளைஞர்கள் இதைத் துரோகம் என்று கருதினர். படைகளில் பிரிவினையை ஒழிக்கும் கோரிக்கை நிறைவேறவில்லை என்பது உண்மை. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு தலைவர் எங்கே நிற்க வேண்டும், எங்கே பேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டும் என்ற கேள்வி ஒவ்வொரு போராட்டத்திலும் எழுகிறது. அதற்குச் சூத்திரம் கிடையாது. ராண்டால்ஃப் அந்த ஆணையை முடிவாகக் கொள்ளவில்லை. அணிவகுப்பு இயக்கத்தைக் கலைக்காமல் வைத்திருந்தார் என்பதைக் கொண்டே அவரை நாம் மதிப்பிட வேண்டும்.

குழுவின் கதை ஆழ்ந்து படிக்கத் தக்கது. அதனால் புகாரை வாங்க முடியும், விசாரிக்க முடியும், பரிந்துரைக்க முடியும். தண்டிக்க முடியாது. ஆயினும் லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ, நியூயார்க், பர்மிங்காம் ஆகிய நகரங்களில் அது நடத்திய பொது அமர்வுகளில், வேலை மறுக்கப்பட்டவர்கள் முதலாளிகளின் முன்னிலையில் சாட்சி சொன்னார்கள். ராண்டால்ஃபின் சங்கத் துணைத்தலைவர் மில்டன் வெப்ஸ்டரும், சிகாகோ வழக்கறிஞர் ஏர்ல் டிக்கர்சனும் குழுவில் இருந்தனர். குழுவின் முதல் தலைவராக இருந்தவரோ, பர்மிங்காம் அமர்விலேயே நிறப் பிரிவினையை ஆதரித்துப் பேசினார். உரிமை காக்கும் நாற்காலியில் யாரை உட்கார வைக்கிறார்கள் என்பதில்தான் அரசின் மனம் வெளிப்படுகிறது. ரயில் நிறுவனங்கள் மீதான புகார்களின் விசாரணையை அரசே 1943 ஜனவரியில் நிறுத்திவைத்தது. எதிர்ப்பு வலுத்ததும், அந்த ஆண்டு மே மாதத்தில் 9346ஆம் எண் ஆணையின் மூலம் குழு புதுப்பிக்கப்பட்டு, வட்டார அலுவலகங்களையும் பெற்றது. துணிந்து கேள்வி கேட்ட டிக்கர்சனுக்கு மட்டும் அதில் மீண்டும் இடம் கிடைக்கவில்லை.

அந்தக் குழுவின் எல்லைகளை இரண்டு புகார்கள் காட்டுகின்றன. பிலடெல்பியாவில் டிராம் ஓட்டும் வேலை கறுப்பினத்தவருக்கு மறுக்கப்படுவதாகத் தொழிலாளர்கள் புகார் அளித்தனர். குழு அவர்களுக்குச் சாதகமாக ஆணையிட்டது. 1944 ஆகஸ்ட் 1 அன்று, எட்டுப் பேர் பயிற்சிக்கு எடுக்கப்பட்டதை எதிர்த்து வெள்ளைத் தொழிலாளர்கள் நகரத்தையே முடக்கினார்கள். போர் உற்பத்தி நின்றுவிடும் என்றதும் ரூஸ்வெல்ட் சுமார் 5,000 படைவீரர்களை அனுப்பினார். ஒரு வாரத்துக்குள் வேலைநிறுத்தம் முறிந்தது. அந்த எட்டுப் பேரும் டிராம் ஓட்டினார்கள். தெற்கு மாநில ரயில் நிறுவனங்களோ குழுவின் ஆணையை வெளிப்படையாகவே மதிக்க மறுத்தன. அங்கே படை செல்லவில்லை. கறுப்பின ஃபயர்மேன்களின் வேலையைப் பறித்த வெள்ளையர் சங்கத்தின் மீது அலபாமாவைச் சேர்ந்த ஸ்டீல் என்ற தொழிலாளி நீதிமன்றம் சென்றிருந்தார். அவருக்காக வாதாடியவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். தான் பிரதிநிதித்துவம் செய்யும் எல்லாத் தொழிலாளர்களுக்கும் சங்கம் பாகுபாடின்றி நடந்துகொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1944 டிசம்பரில் தீர்ப்பளித்தது. குழுவால் முடியாததை நீதிமன்றம் தொடங்கிவைத்தது.

அதே ஹூஸ்டன் குழுவின் உறுப்பினராகவும் ஆனார். வாஷிங்டன் நகர டிராம் நிறுவனத்துக்கு எதிராக ஆணை பிறப்பிக்கக் கூடாதென அதிபர் ட்ரூமன் தடுத்தபோது, 1945 டிசம்பரில் பதவி விலகினார். நிரந்தரக் குழு வேண்டும் என்று ராண்டால்ஃப் அமைத்த தேசிய மன்றம் மாமன்றத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. தெற்கு உறுப்பினர்கள் முடிவில்லாமல் பேசியே மசோதாவைக் கொன்றார்கள். நிதி மறுக்கப்பட்டு, 1946இன் நடுவில் குழு மூடப்பட்டது.

ஆனால் புகார்க் கட்டுகள் வீணாகவில்லை. 1945 மார்ச்சில் நியூயார்க் மாநிலம் வேலைவாய்ப்புப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை இயற்றி, ஆணையிடும் அதிகாரமுள்ள ஓர் அமைப்பை உருவாக்கியது. நியூஜெர்சி பின்தொடர்ந்தது, பிற மாநிலங்களும் நகரங்களும் வந்தன. தலைநகரில் செத்துப்போன கருத்து உள்ளூர்களில் வேர்பிடித்தது.

ராண்டால்ஃப் ஓயவில்லை. பிரிவினை நிலவும் படையில் சேர மறுக்கும்படி இளைஞர்களைத் தூண்டுவேன் என்று 1948இல் செனட் குழுவின் முன்பே எச்சரித்தார். அந்த ஆண்டு ஜூலை 26 அன்று ட்ரூமனின் 9981ஆம் எண் ஆணை, படைகளில் சம வாய்ப்பை அறிவித்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்புக்குள் நிலவிய நிறவெறியையும் அவர் விடவில்லை. கறுப்பினத்தவரைச் சேர்க்காத சங்கங்களைப் பற்றி மாநாடு தோறும் புகார் கூறினார். 1961இல் கூட்டமைப்பின் நிர்வாகக் குழு, பாகுபாடு காட்டிய சங்கங்களைக் கண்டிப்பதற்குப் பதிலாகப் புகார் கூறிய ராண்டால்ஃபையே கண்டித்தது. முற்போக்கு அமைப்புகளுக்குள் சாதியைப் பற்றிப் பேசி ஒற்றுமையைக் குலைப்பவர் என்று பெயர் வாங்கிய தோழர்கள் இந்தச் சம்பவத்தை நினைவில் கொள்வது நல்லது.

1963 ஏப்ரலில் லூசில் மறைந்தார். ஆகஸ்ட் 28 அன்று, 1941இல் நடக்காத அணிவகுப்பு நடந்தது. 74 வயது ராண்டால்ஃப் தலைமையேற்றார். அதை ஒழுங்கு செய்தவர், அன்று அவரிடம் கோபித்துக்கொண்ட அதே ரஸ்டின். வேலைவாய்ப்புப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் அதன் கோரிக்கைகளில் ஒன்று. 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1965 ஜூலையில் சம வேலைவாய்ப்பு ஆணையம் திறந்தது. முதல் ஆண்டிலேயே 8,852 புகார்கள் குவிந்தன. அதற்கும் தொடக்கத்தில் வழக்குத் தொடுக்கும் அதிகாரம் இல்லை, 1972இல்தான் கிடைத்தது. ராண்டால்ஃப் அதையும் பார்த்துவிட்டே 1979 மே 16 அன்று மறைந்தார்.

அவர் கட்டிய வழியில் இன்று நம்மவர்களும் நடக்கிறார்கள். 2020 ஜூனில், தலித் பொறியாளர் ஒருவரின் புகாரின் பேரில், கலிபோர்னியா மாநில அமைப்பு ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டுக்காக வழக்குத் தொடுத்தது. 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம், தடை செய்யப்பட்ட பாகுபாடுகளின் பட்டியலில் சாதியைச் சேர்த்தது. அங்கே சாதியால் ஒடுக்கப்படுகிறவர் நகரத்தின் குடியுரிமை அலுவலகத்தில் புகார் அளிக்கலாம். அந்த அலுவலகம் போன்றவற்றுக்கெல்லாம் மூத்த முன்னோடி 1941ஆம் ஆண்டின் பல்லில்லாத குழுதான்.

மனு கொடுத்தால் ஏதேனும் நடக்குமா என்ற கேள்விக்கு, இந்த வாழ்க்கையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் பதில் இதுதான். தனியாகக் கொடுத்த மனு பெரும்பாலும் கோப்பில் உறங்கும். சங்கம் பின்னால் நிற்கும் மனு விழித்திருக்கும். ஆனால் மனுவே கொடுக்காவிட்டால், சங்கத்தின் கையில் பேசுவதற்குச் சான்று இருக்காது. தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அதன் முடிவுகள் பரிந்துரைகளாகவே வருகின்றன. அந்தக் குறையைக் காட்டி அங்கே போகாமல் இருப்பது பிழை. ஆணையத்தில் பதிவாகும் பதிலுரையும் ஆவணமும் பின்னாளில் நீதிமன்றத்தில் நமக்குத் துணை நிற்கும். ஸ்டீல் வழக்கைப் போலவே, ஒரு கதவு மூடியிருந்தால் அடுத்ததையும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும்.

ஆகவே புகார் எழுதும்போது நாளையும் நேரத்தையும் இடத்தையும் எழுதுங்கள். சொல்லப்பட்ட சொல்லைச் சொல்லப்பட்டபடியே எழுதுங்கள். அதே இடத்தில் மற்றவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். பாகுபாடு ஒப்பீட்டில்தான் புலப்படும். காலக்கெடுவைக் கேட்டறியுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் வேலைவாய்ப்புப் புகாருக்கு 180 நாட்கள், உள்ளூர் அமைப்பு இருந்தால் 300 நாட்கள். அதைத் தவறவிட்டு உரிமை இழந்தோர் பலர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, வாய்மொழிப் புகாரை எழுதி, கையொப்பத்துக்கு முன் உங்களுக்குப் படித்துக்காட்டி, அதன் நகலையும் தர வேண்டியது காவல் அலுவலரின் கடமை. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அலுவலருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை என்று அதே பிரிவு சொல்கிறது. நகலைக் கேட்டு வாங்குங்கள். வாங்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். குறைந்தது மூவராகப் போங்கள். ஒருவரேனும், எதிர்த்தரப்பின் சம்பளத்திலோ மதிப்பெண்ணிலோ சிக்காதவராக இருக்கட்டும்.